பக்கவாதம் வந்து தேறிவரும் அப்பா இரண்டு முறை விழுந்துவிட்டார். இனி விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

தொண்டிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வலது கை கால் வராமல் போய் நான்கு மாதம், இப்போது கம்பு பிடித்து நடக்கிறார், இரண்டு முறையும் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நான் பாம்பன். என் அம்மாவுக்கு இடது பக்கம் வாதம் வந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. கூடவே இருந்து பார்த்ததையும், பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்ததையும் எழுதுகிறேன்.

அம்மா விழுந்தது ஆனி மாதம், கச்சான் காற்று விடாமல் அடித்த ஒரு ராத்திரி. அந்தக் காற்றில் மணல் எப்படியும் வீட்டுக்குள் வந்துவிடும். சாயங்காலம் கூட்டிவிட்டாலும் படுக்கப் போகும்போது டைல்ஸ் மேல் மாவு தூவியதுபோல் கிடக்கும். இரண்டரை மணி இருக்கும், குடம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். தண்ணீர் லாரியில் பிடித்து நடையில் வரிசையாக வைத்திருந்த குடங்களுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தார். இடது கால் கட்டைவிரல் கால்மிதியின் ஓரத்தில் மாட்டியபடியே இருந்தது. வலது கையால் ஒரு குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். சத்தமே போடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "காலையில வேலைக்குப் போற பிள்ளை, உன்னை எதுக்குத்தா எழுப்பணும்?" என்றார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு அடியில் பாசி பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கழிப்பறைக்குப் போக மகளை எழுப்புவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து நாள் அம்மா கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். அந்தப் பதினைந்து நாளில் நல்ல காலிலும் பலம் குறைந்துவிட்டது. விழுந்தால் பயம், பயந்தால் நடப்பதில்லை, நடக்காவிட்டால் கால் இன்னும் தளரும், மறுபடி விழுவார்கள். அதனால் "பேசாமல் படுத்திருங்கள்" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அக்கா முதலில் கேட்டது, எந்த நேரத்தில், என்ன செய்யும்போது விழுந்தார் என்பதைத்தான். நேராக நடக்கும்போது பெரும்பாலும் சமாளித்துவிடுவார்களாம். எழும்போது, திரும்பும்போது, அவசரத்தில் போகும்போதுதான் தடுமாறுகிறார்கள். உங்கள் அப்பா இரண்டு முறையும் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்ததும் அந்த அவசரத்தில்தான் என்று நினைக்கிறேன். அடக்க முடியாத நிலை வரும்வரை காத்திருக்க விடாதீர்கள். படுக்கும் முன் ஒரு தடவை, நடு ராத்திரியில் ஒரு தடவை நீங்களாகவே கூட்டிப் போங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை எந்த நேரத்தில் கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் காலைக்கு மாற்றிய பிறகு ராத்திரி எழுவது குறைந்தது.

படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்து நிற்க விடக்கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். பிறகு பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முன்பக்கம் நன்றாகக் குனிந்து எழட்டும். பாயில் படுக்கிற பழக்கம் இருந்தால் இப்போதைக்குக் கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிற உயரம் வேண்டும்.

கூட ஆள் இருந்தால் எங்கே நிற்பது என்பதும் முக்கியம். நான் ஆரம்பத்தில் அம்மாவின் வராத கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன். அப்படிச் செய்தால் தோள் மூட்டு இறங்கிவிடும் என்று அந்த அக்கா கோபித்துக்கொண்டார். வராத பக்கத்தில், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளலாம். கம்பு நல்ல கையில் இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டால் கம்பின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். மணலில் கம்பு புதையும் என்பதால் வாசலிலிருந்து ரோடு வரை நாங்கள் சிமெண்டுச் சிலாப் போட்டுவிட்டோம். படி இருந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பாதி கவனம் பேச்சில் போனால் கால் இடறும். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு இடது பக்கம் ஒன்று இருப்பதே சில நேரம் மறந்துவிடும். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது வரும். உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் போயிருப்பதால் பேச்சும் குழறலாம், கூப்பிட நினைத்தாலும் வார்த்தை வராது. அதனால் மணி ஒன்று கட்டாயம் வேண்டும். நாங்கள் கட்டில் சட்டத்தில் ஒரு சைக்கிள் பெல்லைத் திருகி வைத்தோம். அம்மா நல்ல கைக் கட்டைவிரலால் அடிப்பார். வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சப்பட்டவருக்குப் பெல் அடிக்கக் கூச்சமாக இல்லை.

வீட்டில் நடையை முழுசாகக் காலி செய்யுங்கள். குடம், வலை, கால்மிதி எதுவும் வேண்டாம். காற்றுக் காலத்தில் படுக்கும் முன் இன்னொரு தடவை கூட்டுங்கள். கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு ஒன்று வழியில் இருக்கட்டும். ஹவாய் செருப்பு கழன்றுகொள்ளும், பின்னால் வார் உள்ளதாக வாங்குங்கள். அப்பா கைலி கட்டுகிறவர் என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், அரைக்கால் சட்டை இன்னும் நல்லது. பாதம் தொங்கி விரல் தரையில் இழுபட்டால் அதற்குக் காலில் மாட்டும் பட்டை இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விழுந்துவிட்டால், பதறித் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பில் வலி, கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முகம் கோணுவது, புதிதாகப் பேச்சுக் குழறுவது தெரிந்தால் மறுபடி பக்கவாதமாக இருக்கலாம். மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கழிப்பறை பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வெஸ்டர்ன் கோப்பை, நல்ல கைப் பக்கம் சுவரில் திருகிய கம்பி, இரண்டும் வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் பெயர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் சறுக்கும். கால்களில் ரப்பர் உள்ள ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். கதவு உள்பக்கம் திறக்கிறது என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்கவே முடியாது. தாழ்ப்பாளையும் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் கதவு மேல் அம்மாவின் நீலத் துண்டு கிடந்தால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். பேரப்பிள்ளைகள்கூட அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள்.