வாசகர் கேள்வி–பதில்: தனியாகக் குடிபோகிறவர் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: எனக்கு 26 வயது. வேலை மாற்றலாகி, தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஒரு பெருநகரத்துக்கு இரண்டு மாதத்தில் போகிறேன். என்னால் கொடுக்கக்கூடிய வாடகைக்கு அலுவலகத்தின் பக்கத்தில் ஒற்றை அறை வீடுதான் கிடைக்கிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணத் தூரத்திலோ அதே வாடகைக்கு இரண்டு அறைகளும் பால்கனியும் உள்ள வீடு இருக்கிறது. "பெரிய வீட்டையே எடு, பயணம் போகப் போகப் பழகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பகுதி பாதுகாப்பானதா என்று வெளியூர்க்காரியான நான் எப்படித் தெரிந்துகொள்வது என்பதும் புரியவில்லை. எதை வைத்து முடிவெடுக்கட்டும்?

பதில்: உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் உங்கள் நன்மையை நினைத்தே சொல்லியிருப்பார்கள். ஆனால் நமக்குப் பழகிப்போவது பெரிய வீடுதான், பயணம் அல்ல. குடிவந்த மாதம் பால்கனியில் நின்று மகிழ்கிறோம். ஆறாம் மாதம் அது இருப்பதே நினைவில் இருப்பதில்லை. பயணமோ ஒரு நாள் நெரிசல், ஒரு நாள் தாமதம், ஒரு நாள் மழை என்று தினமும் வேறு முகம் காட்டுவதால், மனம் அதற்கு முழுமையாகப் பழகுவதே இல்லை. சுவிட்சர்லாந்தின் பொருளாதார அறிஞர்களான அலோயிஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் திரட்டப்படும் குடும்பக் கணக்கெடுப்பின் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெடும்பயணத்தை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுசெய்துவிடும் என்பதுதான் பொருளியலின் வழக்கமான எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டதோ, பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையைப் பற்றிய நிறைவு குறைகிறது என்பதைத்தான். உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். போகவர இரண்டரை மணி நேரம் என்றால், மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு 55 மணி நேரம்; இரண்டு முழுப் பகல், இரண்டு முழு இரவு, அதற்கு மேலும் ஏழு மணி நேரம். அந்த இரண்டாவது அறையில் உட்காரக்கூட உங்களுக்குப் பொழுது இருக்காது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குடும்பத்தோடு இருக்கிறவருக்கு மருந்து வாங்கி வரவும், நேரத்துக்குத் திரும்பாவிட்டால் எங்கே என்று கேட்கவும் வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. தனியாளுக்கு அந்த வேலைகளையெல்லாம் குடியிருக்கும் பகுதிதான் செய்ய வேண்டும். அதனால்தான் தனியாகப் போகிறவர்கள் வீட்டை இரண்டாவதாகவும் பகுதியை முதலாவதாகவும் பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்காக முதன்முதலில் தனியாகக் குடிபோனபோது நான் எடுத்த வீடு புதியது, விசாலமானது, மிகவும் அமைதியானது. அங்கே ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது நான்கு நாள் செய்தித்தாள்களும் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே கிடந்த தாளில் யாரோ மிதித்துவிட்டுப் போன செருப்புத் தடம் இருந்தது. பிறகு மாறிப்போன வீடு பழையது, சிறியது, சுவரில் காரை பெயர்ந்தது. அங்கே உடம்புக்கு முடியாமல் போனபோது, முதல் நாள் தாள் எடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டிவிட்டார். அதுவரை நாங்கள் இருவரும் படிக்கட்டில் புன்னகைத்துக்கொண்டதைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. ஒருவர் நம்மைக் கவனிப்பதற்கு அவ்வளவு பழக்கமே போதும். ஆனால் அந்தப் புன்னகைக்கு வாய்ப்புத் தரும் படிக்கட்டு இருக்க வேண்டும்.

இனி, பாதுகாப்பு. பகல் பதினொரு மணிக்குத் தரகருடன் போய்ப் பார்த்து எந்தப் பகுதியையும் எடை போட முடியாது. வேலை முடிந்து நீங்கள் உண்மையாக வீடு திரும்பப்போகும் நேரத்தில், நீங்கள் இறங்கப்போகும் நிறுத்தத்தில் இறங்கி, அந்த வீட்டு வாசல்வரை தனியாக நடந்து பாருங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது சாதாரண நடை. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் "நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம்" என்று போடுவதற்கே இதுதான் விதிமுறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 800 மீட்டர் என்பது பத்து நிமிடம். பகலில் அது ஒன்றுமில்லை. இரவில் அந்தப் பத்து நிமிடமும் நீண்ட மதில்சுவர் ஓரமாகவோ பூட்டிய கிடங்குகளின் நடுவிலோ போகிறதென்றால் அது மிக நீளமான வழி. விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். தெருவைப் பார்த்த சன்னல்கள் உண்டா, அவற்றுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் தெரிகிறதா, பெண்கள் தனியாகவும் பதற்றமில்லாமலும் நடக்கிறார்களா, முதியவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் நின்று பையைத் துழாவிச் சாவியைத் தேடுகிற அந்த அரை நிமிடத்தில் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதையும் கவனியுங்கள். நான் வீடு பார்க்கும்போது நம்புகிற சோதனைகளில் இது ஒன்று.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது, "இந்த இடம் பாதுகாப்பானதா?" என்று கேட்காதீர்கள். தன் தெருவை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "இரவில் நீங்கள் எந்த வழியாக வீட்டுக்கு வருவீர்கள்?" என்று வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள். அவர் குறுக்கு வழியை விட்டுச் சுற்றுவழியைச் சொன்னால், உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

ஓசையையும் இரவில்தான் சோதிக்க வேண்டும். படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பதே நல்ல உறக்கத்துக்கு ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. கிசுகிசுப்பான பேச்சளவே ஆகும் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பிடித்துப்போய் நான் எடுத்த வீடு ஒன்று ஏற்றமான சாலையின் ஓரத்தில் இருந்தது. குடிவந்த முதல் இரவு, இரண்டு மணிக்கு, சரக்கு லாரிகள் அந்த ஏற்றத்தில் கியர் மாற்றி உறுமத் தொடங்கியபோதுதான் ஞாயிறன்று ஏன் அத்தனை அமைதி என்று விளங்கியது.

ஆகவே, இரவு நடையில் குறை தெரியாவிட்டால், ஒற்றை அறையையே எடுங்கள் என்பது என் முடிவு. நடந்து போகும் தூரத்தில் மளிகைக்கடை, மருந்துக்கடை, மருத்துவர், பேருந்தோ ரயிலோ நிற்கும் இடம் ஆகிய நான்கும் இருந்தால் அந்த ஒற்றை அறை உங்களுக்குச் சிறியதாகவே தோன்றாது. அலுவலகத்தை ஒட்டிய பகுதி இரவில் ஆளரவமற்றுப் போகும் வணிகப் பகுதியாக இருந்தால் மட்டும், அதே வழித்தடத்தில், வண்டி மாறாமல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய குடியிருப்புப் பகுதியைத் தேடுங்கள். மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்றும், வாகனங்கள் வேகமானபோதும் அந்த அளவு பெரிதாக மாறவில்லை என்றும் இத்தாலிய இயற்பியல் அறிஞர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். போக அரை மணி, வர அரை மணி என்ற அந்த அளவை நீங்களும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 63 வயது. மனைவி காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. மகளின் குடும்பம் இருக்கும் நகரத்துக்கே போய்த் தனி வீட்டில் இருக்கலாம் என்று எண்ணுகிறேன். மகள் தன் அடுக்ககத்திலேயே வீடு பார்க்கிறேன் என்கிறாள். அவளுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று எனக்குத் தயக்கம். வேறு பகுதியில் இருப்பது நல்லதா?

பதில்: ஐயா, இரண்டும் வேண்டாம். மகள் வீட்டுக்கு நடந்து போகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும் இடமாகப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் இருந்தால் உங்கள் பழக்கமெல்லாம் மகள் குடும்பத்தின் பழக்கமாகவே நின்றுவிடும். தொலைவான பகுதியில் இருந்தால் ஒவ்வொரு சந்திப்பும் முன்கூட்டித் திட்டமிட வேண்டிய காரியமாகிவிடும். நடை தூரத்தில் இருந்தால் பேரப்பிள்ளைகளே உங்களைத் தேடி வருவார்கள்.

சுமையாகிவிடக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அதற்கு வழி, மகளைத் தவிரவும் உங்களுக்கு நாலு மனிதர்கள் இருப்பதுதான். அதில் வீடு அமைந்திருக்கும் இடத்துக்கு நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவர் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. கட்டடத்துக்கு இரண்டு தளங்கள், தளத்துக்கு ஐந்து வீடுகள். நெருங்கிய நண்பர்களாக யாரைச் சொன்னார்கள் என்று பார்த்தபோது, ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு 41 சதவீதமாகவும், தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களுக்கு 10 சதவீதமாகவும் இருந்தது. இத்தனைக்கும் நடுவே இருந்தவை மூன்றே வீடுகள். மாடிப்படியின் அடியிலும் தபால் பெட்டிகளின் அருகிலும் இருந்த வீட்டுக்காரர்களுக்கு மாடியில் இருந்தவர்களோடும் பழக்கம் கூடியிருந்தது.

ஆகவே அமைதிக்காகக் கோடி வீட்டையோ காற்றுக்காக மேல்மாடியையோ கேட்காமல், நாலு பேர் கடந்து போகும் வழியில் உள்ள கீழ்த்தள வீட்டைக் கேளுங்கள். மழைநீர் தேங்காத இடமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் நீர்க்கோடு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும், வழியில் உட்கார ஒரு திண்ணையோ பெஞ்சோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்றைய உங்கள் கால்களுக்காக அல்லாமல், பத்தாண்டு கழித்து இருக்கப்போகும் கால்களுக்காக வீடு பாருங்கள்.

கேள்வி: பத்து நாளில் வேலையில் சேர வேண்டும். நேரில் போய் வீடு பார்க்க நேரமில்லை. இணையத்தில் படங்களைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். நேரிலோ நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காத வீட்டுக்குப் பணம் கட்டுவது, இல்லாத வீட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடம் நாமே போய்ச் சிக்குவதாகும். வேலையில் சேரும்போது விடுதியிலோ குறுகிய கால வாடகை அறையிலோ ஒரு மாதம் தங்குங்கள். அந்தச் செலவு கூடுதலாகத் தெரியலாம். பிடிக்காத பகுதியில் ஓராண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வதைவிட அது குறைவுதான். அந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு ஒரு பகுதியாக, ஒரு மாலை, ஒரு விடுமுறைப் பகல் என்று போய் நடந்து பாருங்கள்.

ஒரு வீடு பிடித்துவிட்டால் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முன்பு இருந்தவர் எத்தனை காலம் இருந்தார், ஏன் போனார் என்பது. ஒரே வீட்டில் ஆண்டுக்கொருவர் மாறியிருந்தால், காரணத்தை அவரிடம் மட்டும் கேட்டுத் திருப்தியடையாமல் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

கேள்வி: தனியாக வந்து நான்கு மாதமாகிறது. வேலைக்குப் பக்கம்தான், வசதியும் இருக்கிறது, இரவில் பயமும் இல்லை. ஆனால் பேச ஆளில்லை. தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று இருக்கிறது. மாறிவிடலாமா? மாலையில் நூலகத்துக்குப் போவது ஒன்றுதான் ஆறுதல். அங்கிருக்கும் அம்மா நான் படிக்கும் வார இதழை எனக்காக எடுத்து வைக்கிறார்.

பதில்: காலம் போனாலும் மாறாத குறைகள் உண்டு: இரைச்சல், சுவரின் ஈரம், இரவு நடையில் பயம், நெடும்பயணம். இவற்றில் ஒன்று இருந்தால் ஒப்பந்தம் இடம் கொடுத்த உடனே மாறிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உங்களிடம் இருக்கும் குறை அந்த வகை அல்ல. காலம் ஒன்றினால் மட்டுமே தீரக்கூடியது அது. புதிய பகுதிக்குப் போனால் அங்கேயும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், அண்மையில் ஊர் மாறியவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்களையும் வைத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் அறிமுகம் சாதாரண நட்பாவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் முதல் கட்டத்துக்கே ஓராண்டு பிடிக்கும். நான்கு மாதத்தில் ஆளில்லை என்பது உங்கள் குற்றமும் அல்ல, பகுதியின் குற்றமும் அல்ல. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது போங்கள். வெவ்வேறு இடங்களுக்கு ஒவ்வொரு முறை போவதால் முகங்கள் பழகுவதில்லை.

உங்களுக்கு அப்படி ஓர் இடம் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. ஒரு வாரம் நீங்கள் போகாவிட்டால், எடுத்து வைத்த இதழைப் பார்த்து அந்த அம்மா உங்களைப் பற்றி நினைப்பார். நான்கு மாதத்தில் அது சிறிய விஷயம் அல்ல. இன்னும் எட்டு மாதமாவது அங்கேயே இருங்கள், அடுத்த முறை போகும்போது அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.