ஏலகிரியில் ஷார்டனே நடலாமா?

ஏலகிரியில் புதிதாக வாங்கிய தோட்டத்தில் பழைய திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, ஒரே தோட்டத்து ஒயினுக்காக ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சையை நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் சார். அதன் தாய்வீடு பிரான்ஸின் பர்கண்டி. அங்கே கொடி குளிர்காலம் முழுக்க இலை உதிர்த்து உறங்கும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது 1,000 மீட்டர் உயரத்து ஏலகிரியில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உறக்கம் இங்கே வராது, கவாத்து செய்துதான் துளிர்க்க வைக்கணும், அப்புறம் இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் சர்க்கரை ஏற ஏற புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் குறைந்து ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஒரே தோட்டத்து ஒயின் என்பதால் வேறு தோட்டத்துப் பழம் கலந்து சரிக்கட்டவும் உங்களால் முடியாது. முதலில் ஒரு வரிசை மட்டும் டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வகையின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிப் பாருங்கள். பழைய முதலாளியிடம் கவாத்து செய்தவரை விட்டுவிடாதீர்கள், எந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.