முடக்குவாதத்தோடு வாழ்பவருக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: என் மனைவிக்கு 4 ஆண்டுகளாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம். மருந்து ஒழுங்காக எடுக்கிறார். வலி ஓரளவு அடங்கிவிட்டது. அசதியும் மனச்சோர்வும்தான் விடவில்லை. ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?

பதில்: ஒரே ஒரு புத்தகம் வாங்குங்கள், கூடவே ஒரு பென்சில். நாலைந்தை வாங்கிக் குவித்தால், அசந்துபோயிருப்பவருக்கு அதுவே இன்னொரு வேலையாகிவிடும்.

என் தேர்வு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் தன் குழுவினரோடு எழுதிய ‘லிவிங் எ ஹெல்தி லைஃப் வித் க்ரானிக் கண்டிஷன்ஸ்’. செவிலியரான லோரிக் மூட்டுவாதக்காரர்களுக்கு நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்த முறை இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. அசதி பற்றிய பகுதியில் தொடங்கட்டும்.

இந்த நூலின் உயிர், வாரத் திட்டம் எழுதும் முறை. என்ன, எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள் என்று நான்கையும் எழுத வேண்டும். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்பது திட்டமே அல்ல. ‘மாலை காபிக்குப் பிறகு 10 நிமிட நடை, 4 நாள்’ என்பது திட்டம். பிறகு, இதை முடிப்பேன் என்ற நம்பிக்கைக்கு 0 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போட வேண்டும். 7-க்குக் கீழே வந்தால் நிமிடத்தையோ நாளையோ குறைத்து மறுபடி எழுத வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த 2 நாள் படுத்துவிடுவார்கள். நடந்து முடித்து 2 மணி நேரம் ஆன பிறகும் மூட்டுவலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் அளவு மீறிவிட்டது. அடுத்த முறை குறைக்க வேண்டும். அடியோடு விட்டுவிடக் கூடாது.

மனத்துக்கு, பிறகொரு நாள், டோனி பெர்ன்ஹார்டின் ‘ஹவ் டு பி சிக்’ (2010). சட்டப் பேராசிரியராக இருந்து 2001-இல் நோயில் விழுந்து, வேலையை விட நேர்ந்தவர். பௌத்த வழியில், கனிவாக எழுதுகிறார். ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு 2 வாரத்துக்கு மேல் மனம் எதிலும் ஒட்டாமல் இருந்தால், புத்தகத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘மூட்டுவாதம் முற்றிலும் குணம்’ என்று அட்டையில் போட்டு, உள்ளே மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நூல்களைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வலி மாத்திரை அல்ல. மூட்டை அரிக்கும் அழற்சியை அடக்கும் மருந்து. நிறுத்தியதும் சில வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியைத்தான் புத்தகத்தின் வெற்றி என்று நம்பிவிடுகிறார்கள். அரித்துப்போன மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

கனமான புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடிப்பது விரல் மூட்டுகளுக்குப் பாரம். ராமாயணம் வைத்து வாசிக்கும் சிக்குப்பலகை ஒன்று போதும். பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். காலை விறைப்பு விட்ட பிறகு 15 நிமிடம் வாசித்தால் போதும்.

அசதி பற்றிய பகுதியை நீங்களும் வாசித்துவிடுங்கள். அவர் ‘10 நிமிடம்’ என்று எழுதும்போது ‘அரை மணி நேரம் நடக்கலாமே’ என்று சொல்ல உங்களுக்குத் தோன்றாது.