முடிவில்லாக் கதையின் மறுபாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயெல் எண்டேயின் 'நெவர் எண்டிங் ஸ்டோரி' நாவலைச் சென்ற மாதம்தான் வாசித்தேன். 1984ல் வந்த படத்தைச் சிறுவயதிலிருந்தே பலமுறை பார்த்தவன் நான். நாவலின் முதல் பாதி அந்தப் படமாகவே கண்முன் ஓடியது. புத்தகம் வாசிக்கும் சிறுவன் பாஸ்டியன், தான் வாசிக்கும் கதைக்குள்ளேயே நுழைந்தபிறகு பெரிய ஏமாற்றம். நான் நேசித்த பையன் கர்வம் பிடித்தவனாகிறான், அந்தக் கதையின் நாயகனும் தன் நண்பனுமான அத்ரேயுவையே வாளால் வெட்டுகிறான். பாதியில் மூடி வைத்துவிடலாமா என்று தோன்றியது.

எங்கள் வாசகர் குழுவில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். படம் நாவலுக்குச் செய்த துரோகம் என்றார் ஒருவர். நாவல் வெறும் நீதிபோதனை, படம்தான் கலை என்றார் இன்னொருவர். இரண்டுமே குழந்தைகளுக்கானவை, இதில் பேச என்ன இருக்கிறது என்று முடித்துக்கொண்டார் மூன்றாமவர். படத்தை அதிகம் விரும்புவது என் வாசிப்பின் குறையா? என் பத்து வயது மகளுக்கு எதை முதலில் கொடுப்பது?

க.

அன்புள்ள க.,

படத்தை விரும்புவதில் எந்தக் குறையும் இல்லை. கணினி வரைகலை கைக்கு வராத காலத்தில் பொம்மைகளையும் அரங்கங்களையும் வைத்தே இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் அந்த உலகத்தை எழுப்பினார். ஓரிடத்தில் அவர் நாவலைத் தாண்டியே போகிறார். துயரச் சதுப்பில் அத்ரேயுவின் குதிரை மூழ்கும் காட்சியைச் சொல்கிறேன். நாவலில் அந்தக் குதிரை பேசும். தன்னை விட்டுவிட்டுப் போகும்படி அதுவே அவனிடம் கேட்கும். படத்தில் அது வாயில்லா ஜீவன். பையன் கத்துகிறான், கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறான், அது அசையாமல் நிற்கிறது. அங்கே மௌனம்தான் சரி. எண்டேயின் வசனத்தைவிட அது ஆழமாகத் தைக்கிறது.

ஆனால் உங்கள் ஏமாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. நாவலில் 26 அத்தியாயங்கள். கதைக்குள் இருக்கும் கற்பனை உலகமான ஃபன்டாஸ்டிகாவுக்குள் பாஸ்டியன் காலடி வைப்பது 13ஆவது அத்தியாயத்தில். படம் ஏறக்குறைய முதல் 12 அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறது. அதன்பின் டிராகன் மேல் ஏறிவந்து, தன்னைச் சீண்டிய பையன்களைத் துரத்திக் குப்பைத்தொட்டிக்குள் விழவைக்கிறான் பாஸ்டியன். கைதட்ட வைக்கும் முடிவு. நாவலின் மறுபாதி முழுக்க இந்தக் கைதட்டலைத்தான் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. அவமானப்பட்ட ஒரு குழந்தைக்கு நினைத்ததெல்லாம் நடக்கும் வரம் கிடைத்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்பதே எண்டேயின் கேள்வி. படம் அந்தக் கேள்வி எழும் முன்பே பதிலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. எண்டே படத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார், வழக்கில் தோற்றார். அவருடைய கோபத்தைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. தன் கதையின் பாதியை வெட்டி, மீதியைத் தலைகீழாக்கியதைப் பார்த்த ஒருவரின் கோபம் அது. எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது.

மறுபாதியில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பாஸ்டியன் முதலில் அழகனாக விரும்புகிறான். ஆகிறான். சற்று நேரத்தில், தான் குண்டாக, கால் வளைந்து, வெளிறிப்போய் இருந்த பையன் என்பதே அவன் நினைவிலிருந்து நழுவுகிறது. ஒவ்வொரு ஆசைக்கும் விலை ஒரு நினைவு. எது போனது என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். படத்தின் பாஸ்டியனோ தொடக்கத்திலிருந்தே ஒல்லியான, லட்சணமான பையன். இந்தக் கதையைத் தொடங்கக்கூட அங்கே வழியில்லை.

அடுத்து, வெள்ளி நகரத்தைச் சூழ்ந்த ஏரியைத் தங்கள் கண்ணீரால் நிரப்பும் அந்த அவலட்சணமான உயிர்கள். தங்கள் கோரத்தை நினைத்து அவை ஓயாமல் அழுகின்றன, அழுதுகொண்டே மிக நுண்மையான வெள்ளி வேலையைச் செய்கின்றன. கருணையுள்ளவன் என்று பெயரெடுக்க விரும்பும் பாஸ்டியன் அவற்றை எப்போதும் சிரிக்கும் கோமாளிப் பூச்சிகளாக மாற்றிவிட்டுத் தன் வழியே போகிறான். பல பக்கங்கள் கழிந்து, பெயரைத் தவிர எல்லாம் மறந்துபோன பாஸ்டியன், மனிதர்கள் மறந்த கனவுகள் படிந்திருக்கும் சுரங்கத்தில் கூலியாள்போல் உழைத்து ஒரே ஒரு சித்திரத்தைக் கண்டெடுக்கிறான். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், கையில் பற்களின் அச்சு, உடல் பனிக்கட்டிக்குள் உறைந்திருக்கிறது. அது தன் அப்பா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை, ஏக்கம் மட்டும் எழுகிறது. வீடு திரும்ப அந்த மெல்லிய சித்திரம் ஒன்றுதான் வழி. அப்போது அந்தச் சிரிக்கும் கூட்டம் அவனைத் தேடி வருகிறது. இந்தச் சிரிப்பில் எங்களுக்கு அர்த்தமே இல்லை, எங்களுக்குத் தலைவனாக இரு என்று கூச்சல் போடுகிறது. அந்த இரைச்சலில் சித்திரம் தூளாகிறது.

எண்டே எவ்வளவு முன்பே விதைத்து எங்கே அறுக்கிறார் பாருங்கள். நீங்கள் சலிப்போடு கடந்த ஒரு நிகழ்ச்சிதான் கடைசியில் அவன் கழுத்தைப் பிடிக்கிறது. 1990ல் வந்த இரண்டாம் படம் இந்த மறதியை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே நினைவுகளைப் பறிப்பது சூனியக்காரியின் சதி. நாவலிலும் அந்தச் சூனியக்காரி உண்டு, மிகத் தாமதமாகத்தான் வருகிறாள். அதற்குள் பாஸ்டியன் பாதி காலியாகிவிட்டான். பழியைத் தூக்கி ஒரு வில்லியின் தலையில் போட்டதும் கதை செத்துவிடுகிறது. முதல் படத்தைவிட எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

உங்கள் குழுவில் நீதிபோதனை என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. பாஸ்டியனின் கழுத்தில் தொங்கும், ஆசைகளை நிறைவேற்றும் பதக்கத்தின் பின்புறம் நீ விரும்புவதைச் செய் என்றே பொறித்திருக்கிறது. அத்ரேயுவைத் தவிர யாரும் அவனைத் தடுக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. பதக்கத்தைக் கொடுத்த, ஃபன்டாஸ்டிகாவை ஆளும் குழந்தைப் பேரரசி நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பார்ப்பதே இல்லை. போதிப்பவர் இப்படி எழுதமாட்டார். ஆனால் கடைசி அத்தியாயத்தில் புத்தகக் கடைக்காரர் விளக்கம் சொல்லத் தொடங்கும்போது கதை ஒரு படி இறங்குகிறது என்பது உண்மை. மறுபாதியின் நடுவே பயணப் படை நகரும் பக்கங்களில் தொய்வு இருப்பதும் உண்மை. துரோகம் என்ற சொல்லோ படத்துக்குக் கடுமையானது. வாசிப்பவனே கதைக்குள் இழுபடும் அனுபவத்தைத் திரையில் கொண்டுவர யாரால் முடியும்?

அச்சில் அதை எண்டே எப்படிச் செய்தார் என்று நீங்கள் கவனித்தீர்களா? 1979ல் வந்த மூலப் பதிப்பு இரண்டு நிற மையில் அச்சானது. பாஸ்டியனின் உலகம் சிவப்பில், ஃபன்டாஸ்டிகா பச்சையில். முதல் பாதியில் இரண்டும் மாறி மாறி வரும். அவன் உள்ளே போனதும் சிவப்பு மறைந்துவிடும். பக்கம் பக்கமாகப் பச்சை மட்டும். பாஸ்டியன் தன் வீட்டை மறப்பதுபோல நாமும் அந்த நிறத்தையே மறந்துவிடுகிறோம். முடிவை நெருங்கும்போது திடீரென்று சிவப்பு திரும்ப வருகிறது. ஒற்றை நிறத்தில் அச்சான பதிப்பை வாசித்திருந்தால், புத்தகத்தில் பாதியை நீங்கள் பார்க்கவே இல்லை.

மகளுக்கு இப்போது படத்தைக் காட்டுங்கள். குதிரைக் காட்சியில் பக்கத்தில் இருங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து நாவலைக் கொடுங்கள், இரு நிறப் பதிப்பாகவே தேடி வாங்குங்கள். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட வேண்டாம், அவளே கண்டுபிடிக்கட்டும். அதுவரை நீங்கள் 13ஆவது அத்தியாயத்திலிருந்து மறுபடி வாசியுங்கள், இம்முறை அவன் எதை இழக்கிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே. அவள் வாசிக்கும்போது எந்த இடத்தில் பாஸ்டியன் மேல் கோபப்படுகிறாள் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.