நகையை அடகு வைக்கும் முன் ஐஏடி தேதியைப் பாருங்கள்

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

கணவருக்கு விசைப்படகில் வேலை, வாரத்தில் மூன்று ராத்திரி கடலில். மகள் பிளஸ் டூ உயிரியல்-கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்தும் நீட்டில் இடம் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. "ஒரு வருஷம் பத்தலேன்னா ரெண்டு வருஷம் கோச்சிங் போகட்டும், நகையை அடகு வெச்சுக்கலாம்" என்கிறார் தாய்மாமா. அவளோ, கரைக்கு வந்த அப்பாவுக்குப் பகலில் ஏன் தூக்கம் பிடிப்பதில்லை என்று தேட ஆரம்பித்து, உடலுக்கு ராத்திரி வந்ததைச் சொல்லும் ஹார்மோனான மெலடோனினில் போய் நின்றிருக்கிறாள். அதை ஆராய்வதுதான் தன் வேலை என்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும், கொஞ்சம் தாமதமாக. ஆனால் உங்கள் அண்ணன் சொல்லும் அந்த இரண்டாவது வருஷம் அவளுடைய வாசலை அடைத்துவிடும். அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஐசர் என்கிற மத்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகங்கள் ஏழு. பக்கத்தில் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்து வருஷ பிஎஸ்-எம்எஸ் படிப்பு, கடைசி வருஷம் முழுக்க ஆய்வுக்கூடத்தில். சேர ஐஏடி என்று ஒரு தேர்வு. பிளஸ் டூவை அந்த வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ முடித்தவர்கள் மட்டுமே எழுதலாம். ஆக, உங்கள் மகளுக்கு அடுத்த வருஷம் ஒரே ஒரு வாய்ப்பு. இரண்டு வருஷம் நீட்டுக்கே உட்கார்ந்தால் அது போயே போய்விடும்.

தேர்வு மூன்று மணி நேரம், 60 கேள்வி: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் 15 வீதம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். நீட் கோச்சிங்கில் சறுக்குவது இங்கேதான்: அங்கே கணிதமே கிடையாது. ஒரு வருஷம் தொடாமல் விட்டால் 240-இல் 60 மதிப்பெண் துருப்பிடித்துவிடும். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்சிஇஆர்டி கணிதத்தைத் தினமும் இரண்டு மணி நேரம் போடச் சொல்லுங்கள். பழைய வினாத்தாள்கள் ஐசர் சேர்க்கைத் தளத்திலேயே இலவசம். இதற்குக் கோச்சிங் வேண்டாம்.

வீட்டில் சும்மாவும் உட்கார வேண்டாம். ராமநாதபுரத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டு அங்கிருந்தே ஐஏடி எழுதட்டும். கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. முடித்து ஐஐடி போன்ற இடங்களில் சேர்வதற்கான ஜாம் தேர்வு வழியாக எம்.எஸ்சி. போகலாம், வருஷம் வீணாகாது. கல்லூரியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள், நகலும் எடுத்து வையுங்கள்.

நம் ஊரில் பலர் கோட்டைவிடுவது ஒரு காகிதத்தில். மாநில அரசின் பிசி, எம்பிசி சான்று மத்தியக் கழகங்களில் செல்லாது. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதோர் சான்று வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. தேர்வு வருவது பெரும்பாலும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி. வருமானமும் இருக்காது, அலைச்சலும் சேரும். ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

இனி அவள் ஆசைப்படும் வேலை. இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினை விடுகிறது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் அதை மாட்டுப் பினியலிலிருந்து பிரித்தெடுத்தார். செல்லின் மேல் அது வந்து ஒட்டும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர்; அதன் மரபணு சிக்கியது 1994-இல். எம்டி1, எம்டி2 என்ற இரு ஏற்பிகளின் முப்பரிமாண வடிவம் தெரிந்தது 2019-இல்தான். எம்டி2 மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருந்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது 2009-இல் வெளிவந்தது. தோண்ட இன்னும் நிறைய இருக்கிறது.

அன்றாட வேலை இப்படி: அயோடின்-125 என்ற கதிரியக்க அணுவைக் கோத்த மெலடோனினைச் செல் சவ்வுத் துண்டுகளோடு கலந்து, சாதா மெலடோனினைப் படிப்படியாகக் கூட்டி, கண்ணாடி இழை வடிகட்டியில் வடித்து, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவது. ராத்திரி ரத்த மாதிரி எடுப்பதானால் மங்கிய சிவப்பு விளக்கில்தான். ஒருவர் வெள்ளை விளக்கைப் போட்டாலே மெலடோனின் சரிந்து அன்றைய ராத்திரி பாழ். எலி வாங்குவதிலும் ஏமாறலாம்: ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் சி57 கறுப்பு எலிக்கு மெலடோனின் சுரப்பு அநேகமாக இல்லை, சி3எச் வகைக்கு உண்டு. இதைப் படித்ததும் மகள் "ஏன்?" என்று கேட்டால் ஆள் சரி. முகம் சுளித்தால் அவளுக்கும் இது வேண்டாம். (உடல் கடிகார ஆராய்ச்சிக்கு நம் பக்கத்திலேயே வேர் உண்டு: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களை வைத்து ஆராய்ந்தார்.)

பணக் கணக்கு. பிஎஸ்-எம்எஸ் முடிக்க வயது 23. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைத் தேர்வில் தேறி முனைவர் படிப்பில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் வருஷத்திலிருந்து 42,000; வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டம் ஐந்தாறு வருஷம், பிறகு வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஒப்பந்த ஆய்வு இரண்டு முதல் நான்கு வருஷம். நிரந்தர வேலைக்கு 33, 35 வயதாகலாம், கிடைக்காமலும் போகலாம். அப்போது மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் உண்டு. நடுவில் கல்யாணப் பேச்சு வரும். அதை அண்ணனோடு இப்போதே பேசித் தெளிவுபடுத்துங்கள்.

நீட்டையும் இன்னொரு முறை எழுதுகிறேன் என்று அவளே சொன்னால் எழுதட்டும், வீட்டிலிருந்தே. நகை மட்டும் பெட்டியில் இருக்கட்டும்.