தொட்டால் ஷாக்: உடம்பில் கரண்ட் அதிகமா?

கேள்வி: நாகப்பட்டினத்துக்காரி நான், வயது 34. வேலைக்காக பெங்களூரு வந்து ஒரு வருடம் ஆகிறது. தை, மாசியில் கார் கதவு, லிஃப்ட் பட்டன் என்று எதைத் தொட்டாலும் சுளீரென்று ஷாக் அடித்தது. மகன் கன்னத்தைத் தொட்டால் அவனும் துள்ளினான். ஊருக்குப் போனால் ஒன்றுமே இல்லை. வாஷிங் மெஷின் மட்டும் வருடம் முழுக்க, ஈரக் கையோடு தொட்டால் சுரசுரவென்று இழுக்கிறது. உடம்பில் கரண்ட் அதிகம், நரம்புக் கோளாறு என்கிறார்கள். செம்புக் காப்பு போடச் சொல்கிறார் மாமியார். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அவரைத் தொடவே பயமாக இருக்கிறது.

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நரம்புக் கோளாறாக இருந்தால், பஸ் ஏறி ஊருக்குப் போனதும் நின்றுவிடாதே!

உடம்பில் கரண்ட் எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் இதயம் துடிக்கும்போது ஈ.சி.ஜி. மெஷின் தோலின் மேல் பிடிப்பது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். உங்களைச் சுட்டதோ ஆயிரக்கணக்கான வோல்ட். அது உங்களுக்குள்ளிருந்து வரவில்லை, உங்கள் ஆபீஸ் நாற்காலியிலிருந்து வந்தது.

எந்தப் பொருளிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிசமமாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. இரண்டு வேறு வேறு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் மற்றதற்குப் போய்விடும். கொடுத்தது நேர், வாங்கியது எதிர். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துணுக்கைத் தூக்கி விளையாடினோமே, அதேதான். பாலியஸ்டர் சுடிதாரோடு நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கணக்கு குலைகிறது. ரப்பர் அடி வைத்த செருப்பு தரையோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிடுவதால், சேர்ந்த மின்னூட்டம் போக வழியில்லாமல் உங்கள் மேலேயே நிற்கிறது. நாகையிலும் இது சேரத்தான் செய்யும். ஆனால் கடல் காற்றில் துணி, தோல், தரை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன் வழியே சத்தமில்லாமல் கசிந்து போய்விடும். பெங்களூரின் வறண்ட மாசிக் காற்றும் ஏ.சி.யும் அந்த வழியை அடைத்துவிட்டன.

இப்போது விரல் கார் கதவை நெருங்குகிறது. உங்கள் மேல் 10,000 வோல்ட் இருக்கிறதென்று வையுங்கள். காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரைதான் தாங்கும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்போதே பொறி தாவிவிடுகிறது, அதுவும் விரல் நுனியில் ஊசிமுனையளவு இடத்தில். தொடு நரம்புகள் நெருக்கமாக இருப்பதும் அங்கேதான்.

இத்தனை வோல்ட்டில் உயிருக்கு ஆபத்தில்லையா என்றால், இல்லை. வோல்ட் அதிகம், சரக்கு குறைவு. அந்தப் பொறியின் ஆற்றல் ஒரு ஜூலில் நூறில் ஒரு பங்குக்குப் பக்கம். பத்தாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழுகிற மாதிரி. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க டாக்டர்கள் நாங்கள் கொடுக்கும் ஷாக் 150, 200 ஜூல். இன்றைய பேஸ்மேக்கர்கள் டைட்டானியம் உறைக்குள் இருப்பவை, இந்தச் சின்னப் பொறியெல்லாம் அவற்றை ஒன்றும் செய்யாது. அப்பாவைத் தாராளமாகத் தொடுங்கள்.

செம்புக் காப்பு அழகுக்குப் போடலாம். தரையோடு இணைப்பில்லாத செம்பு மின்னூட்டத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அதற்குப் பதில், காரிலிருந்து இறங்கும்போது கதவின் இரும்பை முதலிலேயே பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே சீட்டிலிருந்து எழுந்திருங்கள். மறந்துவிட்டால் சாவியை இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் கதவைத் தொடுங்கள். பொறி சாவியிலிருந்து தாவும், கைக்கு உறைக்காது. பருத்தி உடுத்துங்கள். குளித்த ஈரம் காயுமுன் கையில் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், வறண்ட தோலில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஒரே ஒரு இடத்தில் இந்தச் சின்னப் பொறி பொல்லாதது: பெட்ரோல் ஆவி. ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான பொறியே அதற்குப் போதும். அறுவை அரங்கில், எளிதில் தீப்பற்றும் ஈதரை மயக்க மருந்தாகக் கொடுத்த காலத்தில் டாக்டரும் நர்சும் மின்சாரம் கடத்தும் ரப்பர் செருப்பு போட்டது இதே பயத்தில்தான். பெட்ரோல் போட்டு முடிக்கும்வரை காருக்குள் ஏறி இறங்காதீர்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் வாஷிங் மெஷின். இதுவரை சொன்ன, ஒட்டிப் பிரிவதால் வரும் மின்னூட்டம் ஈரக் கையில் சேர்ந்து நிற்காது. அடித்தாலும் ஒரு முறை சுளீரென்று, அதோடு சரி. தொட்டுக்கொண்டிருக்கும் வரை சுரசுரவென்று இழுப்பது, மழைக்காலத்திலும் நிற்காதது, வீட்டுக் கரண்ட் கசிவு. 230 வோல்ட்தான், ஆனால் அதற்குப் பின்னால் மொத்த மின்நிலையமே நிற்கிறது. உயிரை எடுப்பது இதுதான். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள், மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை துணியைக் கையால் துவைத்துக்கொள்ளலாம்.