கலிஃபோர்னியாவில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கிறேன். எல்எல்சி தொடங்க வேண்டுமா? டெலவேரில் தொடங்கினால் வரி இல்லையா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது: வீட்டில் சோயா மெழுகுவர்த்தி செய்து, கைவினைப் பொருள்களுக்கான எட்ஸி என்ற இணையச் சந்தையிலும் சொந்தத் தளத்திலும் விற்கிறீர்கள். எச்-4 ஈஏடி (எச்-1பி ஊழியரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) இருக்கிறது. கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். "உடனே எல்எல்சி ஆரம்பி, டெலவேர் மாநிலத்திலோ வயோமிங் மாநிலத்திலோ ஆரம்பித்தால் வரியே கிடையாது" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

உங்களைப் போன்ற சிறு விற்பனையாளர்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியோடுதான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். என் பதில்: உங்களுக்கு முதலில் வேண்டியது இன்சூரன்ஸ். எல்எல்சி, அதாவது உரிமையாளரின் பொறுப்பை வரம்புக்குள் வைக்கும் நிறுவன அமைப்பு, அதற்கு அடுத்தது. ஆரம்பிப்பதாக இருந்தால் கலிஃபோர்னியாவிலேயே ஆரம்பியுங்கள்.

முதலில் வரி. ஒரே ஒருவர் உரிமையாளராக உள்ள எல்எல்சியை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் உங்களிடமிருந்து பிரித்துத் தனி நிறுவனமாகவே பார்ப்பதில்லை. நீங்களாக வேறு மாதிரி விண்ணப்பிக்காத வரை லாபம் முழுவதும் உங்கள் வருமான வரிப் படிவமான 1040-உடன் போகும் வியாபார லாப நஷ்டப் பக்கமான ஷெட்யூல் சி-யில்தான் வரும். இப்போது எல்எல்சி இல்லாமல் விற்கும்போதும் அதே ஷெட்யூல் சி-தான். மெழுகு, திரி, கண்ணாடிக் குப்பி, தபால் செலவு எல்லாவற்றையும் இப்போதே கழித்துக்கொள்ளலாம். "எல்எல்சி இருந்தால்தான் செலவைக் கழிக்க முடியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதமும் (நிகர லாபத்தின் 92.35 சதவீதத்தின் மேல் கணக்கிடுவார்கள்) இரண்டு வழியிலும் ஒன்றேதான். படிவம் 2553 கொடுத்து எஸ்-கார்ப்பாக (வரிக் கணக்குக்கு மட்டும் வேறு வகை நிறுவனமாக) மாறினால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அப்போது உங்களுக்கு நீங்களே நியாயமான சம்பளம் போட வேண்டும், பேரோல் ஓட்ட வேண்டும், தனி ரிட்டர்ன் போட வேண்டும், கலிஃபோர்னியா நிகர வருமானத்தில் 1.5 சதவீதம் தனியாக எடுத்துக்கொள்ளும். இந்தச் செலவையெல்லாம் தாங்கும் அளவுக்கு லாபம் வராத வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து டெலவேர் கதை. பெரிய முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கப் போகும் கம்பெனிகளுக்கு டெலவேர் பொருந்தும். அங்கே நிறுவனச் சட்டம் முதிர்ந்தது, அதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. வயோமிங்குக்கும் ஒரு பெருமை உண்டு: அமெரிக்காவின் முதல் எல்எல்சி சட்டம் 1977-இல் அங்கேதான் வந்தது. உங்களுக்கு இவற்றால் என்ன பயன்? மெழுகை ஊற்றுவது, பெட்டி கட்டுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் வீட்டில். அப்படியானால் நீங்கள் கலிஃபோர்னியாவில்தான் வியாபாரம் செய்கிறீர்கள். டெலவேர் எல்எல்சியையும் இங்கே வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். இங்கே கட்ட வேண்டிய ஆண்டு வரி 800 டாலர் அப்படியே இருக்கும். அதற்கு மேல் டெலவேருக்கு ஆண்டுக்கு 300 டாலர், அங்கே முகவரி வைத்துக்கொள்ள ரெஜிஸ்டர்டு ஏஜென்டுக்குத் தனிக் கட்டணம். பதிவு செய்யாமல் விட்டால், யாராவது உங்களுக்குப் பணம் தராமல் ஏமாற்றும்போது இங்குள்ள நீதிமன்றத்தில் அந்த எல்எல்சி பெயரில் வழக்குப் போட்டு நடத்தவும் முடியாது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், பொறுமையாகப் படியுங்கள். எல்எல்சி இருந்தால் வீடு, சேமிப்பு எல்லாம் பத்திரம் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அது பாதிதான் சரி. நிறுவனத்தின் உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனத்தின் கடன் உங்கள் தலையில் விழாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நீங்கள் உங்கள் கையால் செய்த தவறுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. உங்கள் மெழுகுவர்த்தியில் திரி தடிமனாகப் போய், குப்பி வெடித்து, வாங்கியவர் வீட்டில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திரியைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊற்றியது யார்? நீங்கள். வழக்குப் போடுபவரின் வக்கீல் எல்எல்சி பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் போடுவார். தனி ஆளாகக் கைவேலை செய்து விற்பவருக்கு எல்எல்சி தரும் பாதுகாப்பு, பத்துப் பேரை வேலைக்கு வைத்திருப்பவருக்குத் தருவதைவிட மெலிந்தது.

அதனால்தான் இன்சூரன்ஸ் முதலில் என்கிறேன். பொருளால் வரும் சேதத்துக்கும் பாதுகாப்பு தரும் வணிகப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். வக்கீல் செலவையும் அது ஏற்கிறதா என்று கேட்டு, மெழுகுவர்த்தி என்று வெளிப்படையாகச் சொல்லியே வாங்குங்கள், ஏனென்றால் சில பாலிசிகளில் தீ சம்பந்தப்பட்ட பொருள்களுக்கு விலக்கு இருக்கும். வீட்டு இன்சூரன்ஸ் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான வீட்டு பாலிசிகள் வீட்டில் நடக்கும் வியாபாரத்தை ஒதுக்கிவிடும். அதோடு குப்பியின் அடியில் எச்சரிக்கை லேபிள் ஒட்டுகிறீர்களா? எரியும்போது கண்பார்வையில் இருக்கட்டும், தீப்பற்றும் பொருள்கள் அருகில் வேண்டாம், குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள் என்ற மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஏஎஸ்டிஎம் எஃப்2058 என்ற தரக்குறிப்பு இதற்கென்றே இருக்கிறது.

அப்படியானால் எல்எல்சி எப்போது வேண்டும்? சப்ளையரிடம் பெரிய தொகைக்குக் கடனில் சரக்கு எடுக்கும்போது, வேலைக்கு ஆள் வைக்கும்போது, தோழி ஒருவரைப் பங்குதாரராகச் சேர்க்கும்போது. மற்றவர் செய்த தவறும் நிறுவனத்தின் கடனும் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாமல் தடுப்பதில்தான் அதன் முழு பலம் இருக்கிறது. அதுவும் நிறுவனம் கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்ற பெர்சனல் கேரண்டிக்கு நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போடாத வரைதான். வியாபார கிரெடிட் கார்டு விண்ணப்பத்தில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும், படித்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் ஆரம்பிப்பது என்று முடிவானால் காலத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். பதிவுக் கட்டணம் 70 டாலர்தான், மாநிலச் செயலரின் பிஸ்ஃபைல் தளத்திலேயே முடிந்துவிடும். அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் அறிக்கை ஒன்று, 20 டாலர், பின்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஆளைக் கடிப்பது அந்த 800. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். 2021 முதல் 2023 வரை பதிவானவர்களுக்கு முதலாண்டு விலக்கு இருந்தது, அது முடிந்துவிட்டது. அக்டோபரில் பதிவு செய்தால் ஜனவரி 15-க்குள் 800, ஏப்ரல் 15-க்குள் புதிய ஆண்டுக்காக இன்னொரு 800. மூன்று மாத இடைவெளியில் 1,600 டாலர்! டிசம்பர் 17-க்குப் பிறகு பதிவாகி அந்த ஆண்டு வியாபாரம் எதுவும் செய்யவில்லை என்றால் அந்த ஆண்டுக்கு வரி இல்லை. விண்ணப்பத்திலேயே ஜனவரி 1 முதல் அமலுக்கு வரட்டும் என்று எதிர்காலத் தேதியும் கேட்கலாம். ஆண்டுக்கு மூவாயிரம் டாலர் லாபம் பார்க்கும் கடைக்கு 800 என்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல். அதை நினைத்துப் பாருங்கள்.

பதிவானதும் ஐஆர்எஸ் தளத்தில் நிறுவனத்துக்கான வரி அடையாள எண்ணான ஈஐஎன் வாங்குங்கள். இலவசம். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் இதற்குப் பணம் கேட்கும், கொடுக்காதீர்கள். கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட வேண்டும், பாதியில் சேமித்து வைக்க முடியாது. 15 நிமிடம் சும்மா விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். முடிவில் சிபி 575 என்ற கடிதம் திரையில் வரும். அதை அங்கேயே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள், வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான். கூடவே முத்திரையிட்ட பதிவுப் பத்திரமும், நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று எழுதிவைக்கும் ஆபரேட்டிங் அக்ரிமென்டும் கேட்பார்கள். தனி ஆள்தானே என்று அக்ரிமென்ட் எழுதாமல் விடாதீர்கள். இரண்டு மூன்று பக்கம் போதும்.

வங்கிக் கணக்கு திறந்த நாளிலிருந்து எட்ஸி பணம் அதில்தான் விழ வேண்டும், மெழுகு வாங்கும் பணம் அதிலிருந்துதான் போக வேண்டும். வீட்டு வாடகைக்கு வேண்டுமென்றால் ஒரு தொகையை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றி, கணக்கில் எழுதி, அங்கிருந்து கட்டுங்கள். நான் பார்த்த ஒரு கணக்கில் கடை அட்டையிலேயே குழந்தையின் நீச்சல் வகுப்பு, மளிகை, விமான டிக்கெட் எல்லாம் இருந்தது. அந்த மாதிரி ஸ்டேட்மென்டை எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதி முன் வைத்தால், எல்எல்சி என்பது வெறும் பெயர்தான் என்று வாதிடுவது அவருக்கு மிக எளிது. கையெழுத்திலும் கவனம் வேண்டும். ஒப்பந்தங்களில் உங்கள் பெயரை மட்டும் போடாமல், மேலே எல்எல்சியின் பெயர், கீழே உங்கள் பெயர், பக்கத்தில் "மெம்பர்" என்று எழுதுங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. எச்-4 ஈஏடி செல்லுபடியாகும் வரை நீங்கள் சொந்த வியாபாரம் செய்யலாம். எச்-1பியில் இருப்பவர் எல்எல்சியில் பங்கு வைத்திருக்கலாம், அதில் வேலை செய்வதுதான் சிக்கல். இரவில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவது, வாடிக்கையாளருக்குப் பதில் போடுவது எல்லாம் அனுமதியில்லாத வேலை என்று கணக்காகக்கூடும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம் இந்த அபாயத்தை எடுக்கவே கூடாது. அவர் பெயரைச் சேர்ப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்தாவது கேளுங்கள். இந்த விஷயத்தில் என்னைப் போன்றவர்கள் இணையத்தில் எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள்.

விற்பனை வரிக்கும் எல்எல்சிக்கும் சம்பந்தமே இல்லை. எட்ஸி வழி விற்பதற்கு எட்ஸியே வசூலித்துக் கட்டிவிடும். சொந்தத் தளத்துக்கு கலிஃபோர்னியாவின் விற்பனையாளர் அனுமதி நீங்கள் வாங்க வேண்டும், கட்டணம் கிடையாது.

எல்எல்சி பதிவான சில வாரத்தில் அரசுக் கடிதம் போலவே தோன்றும் தபால்கள் வர ஆரம்பிக்கும். சான்றிதழுக்குக் கட்டுங்கள், தொழிலாளர் சட்டச் சுவரொட்டிக்குக் கட்டுங்கள், தகவல் அறிக்கைக்குக் கட்டுங்கள் என்று 20 டாலர் வேலைக்குப் பல மடங்கு கேட்பார்கள். சிறிய எழுத்தில் "இது அரசு நிறுவனம் அல்ல" என்று இருக்கும். உரிமையாளர் விவரத்தை, நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஃபின்சென் அமைப்புக்குத் தராவிட்டால் அபராதம் என்றும் மிரட்டுவார்கள். 2024-இல் அமலுக்கு வந்த அந்த விதியிலிருந்து அமெரிக்காவில் பதிவான நிறுவனங்களுக்கு 2025 மார்ச்சில் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஒருவேளை ஆரம்பித்துவிட்டு, பிறகு விற்பனையை நிறுத்தினால் சும்மா விட்டுவிடாதீர்கள். கடை ஓடாவிட்டாலும் பதிவு உயிரோடு இருக்கும் வரை 800 டாலர் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கும், வட்டியும் அபராதமும் சேரும். மாநில வரித்துறைக்கு "இதுவே கடைசி" என்று குறித்து ரிட்டர்ன் போட்டு, மாநிலச் செயலரிடம் ரத்துச் சான்றிதழ் தாக்கல் செய்யுங்கள். அந்தத் தாக்கலுக்குக் கட்டணம் இல்லை.